அட்டைப் படத்தில் ஏன் இருவர்

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் சிலருக்கு முகம் சுருங்கியிருக்கும். காலமானவர் ஒருவர், அட்டையில் நிற்பவர்கள் இருவர். அதிலும் எங்கள் அம்மா வெளுத்துப்போன சீத்தைப் பருத்திச் சேலையோடும் வெறுங்காலோடும் நிற்கிறார். "வேற நல்ல படம் கிடைக்கேல்லையோ?" என்று, மரண வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து முப்பத்தொரு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதை மகளாகிய நான் இங்கே எழுதுகிறேன். புகழுரை மட்டும் படிக்க விரும்புகிறவர்கள் நேரே கடைசிப் பக்கத்துத் தேவாரத்துக்குப் போய்விடலாம்.

அம்மா மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்தவர். கலவரத்தில் இருந்ததெல்லாம் எரிந்தபின், சிறுமியாகப் பெற்றோருடன் வன்னிக்கு வந்தார். புளியங்குளத்துப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். அப்பா அவரை விரும்பித் திருமணம் செய்தார். அப்பாவின் உறவுகள் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கொஞ்சம் மறந்திருந்தார்கள். அப்பாவின் தங்கை, அதாவது எங்கள் மாமி, தாய் தகப்பன் இல்லாதவர் என்பதால் எங்களோடுதான் வளர்ந்தார். பத்து வருடம் அம்மா ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டார். ஆனால் அண்ணன் மனைவி என்று முறை சொல்லி அம்மாவை 'மச்சாள்' என்று அவர் கூப்பிட்டதை, ஒரு நாளைத் தவிர, நான் கேட்டதில்லை. "இஞ்ச" என்பார், அவ்வளவுதான்.

அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு பட்டுச் சேலை. மாம்பழ நிறம், சிவப்புக் கரை. திருமணத்துக்கு முன் இரண்டு போகம் வயலில் அருவி வெட்டி, அந்த அறுவடைக் கூலியில் தானே வாங்கியது. எங்கள் பழைய படங்களில் அந்தச் சேலை மூன்று இடத்தில் இருக்கிறது. கோயில் திருவிழாவில் மாமி உடுத்தியிருக்கிறார். உறவுப் பெண் ஒருத்தி பெரியவளான சாமத்தியச் சடங்கிலும் மாமிதான். மற்றதில் பக்கத்து வீட்டு ஆசிரியை, தன் பதிவுத் திருமணத்துக்கு இரவல் வாங்கி உடுத்தியிருக்கிறார். அந்த மூன்று படங்களும் எடுக்கப்பட்டபோது அம்மா குசினியில் அடுப்போடு நின்றார்.

நாலாவது படம்தான் அட்டையில் இருப்பது. அடையாள அட்டைப் படத்தை விட்டால், அம்மா இருக்கிற படமாக எங்களிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். மரண வீட்டில் இது கைமாறியபோது, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், "அந்த நாளில எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கினம். பின்னால காட்டைப் பாருங்கோ, என்ன வடிவு" என்றார். வடிவுதான். தொண்ணூற்றேழில் போர் நெருங்கப் புளியங்குளத்தை விட்டு ஓடிவந்து, ஒட்டுசுட்டானில் நாங்கள் ஓலைக் கொட்டில் போட்டிருந்த காட்டோரம் அது. அம்மாவுக்குப் பின்னால் தொங்குகிற ஜாம் போத்தல் எங்கள் விளக்கு. அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய் விடுவோம். சைக்கிளில் கட்டியிருக்கும் கான்கள் தண்ணீருக்கு. மூலையில் முறிந்து கிடக்கும் வாழைகள் முதல்நாள் யானை பார்த்த வேலை. சவர்க்காரம் கிடைக்காத காலம் என்பதால் அம்மாவின் சேலைக்கு அந்த நிறம். சந்தோசம் என்று சொன்னவர் எங்களோடு ஒரு கிழமை இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருடம் மாமிக்குப் பிரான்சிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முழு உருவப் படம் கேட்டிருந்தார்கள். ஃபிலிம் ரோல் வன்னிக்குள் வரத் தடை. மாங்குளத்தில் ஸ்டூடியோ வைத்திருந்து எங்களைப் போலவே ஓடிவந்த ஒருவரின் கமராவில், இன்னும் ஒரு படம் மட்டும் எடுக்கலாம் என்ற நிலை. அம்மா கேட்காமலே தன் சேலையை எடுத்துக் கொடுத்தார். சிரட்டைக் கரி போட்ட அயன்பெட்டியால் மாமி தானே அதை அழுத்தினார். பொறி பறந்து, சரியாகத் தோளில் வருகிற இடத்தில் ஓட்டை விழுந்தது.

"ஐயோ மச்சாள், நான் என்ன செய்வன்" என்று மாமி அழுதார். அன்றுதான் அந்த முறை அவர் வாயில் வந்தது.

"அழுவாத புள்ள. நா கைய வச்சு மறச்சிக்கிட்டு நிக்கிறேன்" என்றார் அம்மா. இருபது வருடம் வன்னியில் இருந்தும் அம்மாவின் பேச்சு மாறவில்லை.

"உள்ளுக்கு மடிச்சு உடுத்தாக் காணும் தங்கச்சி" என்று படம் எடுக்க வந்தவர் சொல்லிப் பார்த்தார்.

"மடிச்சாக் கரை தெரியாது" என்றார் மாமி.

அம்மா படத்துக்குள் வந்தது அப்படித்தான். வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் கிடைத்த ஒருவரின் கையில் ரோல் வவுனியா போய், இரண்டு மாதத்தில் இரண்டு பிரதிகள் வந்தன. ஒன்று பிரான்சுக்குப் போனது. மற்றதை அம்மா பால்மா டின்னுக்குள் வைத்தார்.

கடிதம் வந்தால் அப்பா சத்தமாக வாசிப்பார், எல்லோரும் சுற்றியிருந்து கேட்போம். மாப்பிள்ளை வீட்டுப் பதிலையும் அப்படித்தான் வாசித்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். பக்கத்தில் நிற்பவர் வீட்டு வேலைக்காரி என்று பெண்ணே எழுதியிருந்தாராம். இடம்பெயர்ந்த இடத்திலும் வேலைக்கு ஆள் வைத்திருக்கும் குடும்பம் என்பதில் தங்களுக்கு மிகவும் திருப்தியாம். படத்தோடு மாமி தனியாக ஒரு துண்டுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்பா நிறுத்திவிட்டார். மாமி நிலத்தைப் பார்த்தார். அம்மா தேநீர் வடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? மிச்சத்தையும் வாசிங்க" என்றார்.

அப்பா மிச்சத்தையும் வாசித்தார். மறுத்து ஒரு வரி எழுதவில்லை. அப்பா காலமாகி ஏழு வருடமாகிறது, அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "ஏனம்மா பேசாம இருந்தனீங்கள்?" என்று அன்று அம்மாவிடம் சண்டை பிடித்தேன். "இப்ப நா வாயத் தொறந்தா கல்யாணம் நின்னுபோகும். அப்புறம் அவ எங்க போவா?" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனார். எனக்கு அந்த நல்ல குணம் வரவில்லை. வரவும் வேண்டாம்.

மாமி வவுனியா வழியாகக் கொழும்புக்குப் போனபோது சேலையும் அவருடைய பையில் போனது. "கலியாணம் முடிய அனுப்பிறன்" என்றார். தொண்ணூற்றெட்டுக் கடைசியில் ஒட்டுசுட்டானையும் விட்டு ஓடினோம். சட்டி பானை விடுபட்டது, பால்மா டின் எங்களோடு வந்தது. அதன்பின் அம்மா எத்தனை கொட்டில் கட்டினார், எத்தனை வயலில் இறங்கினார், என்னை எப்படிப் படிக்கவைத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இனிச் சொல்லியும் பயனில்லை. போர் ஓய்ந்து பாதை திறந்தபின் பிரான்சிலிருந்து யார் வந்தாலும், அவர்கள் பையைத் திறக்கும்வரை அம்மா வாசலில் நிற்பார். சொக்லேற் வந்தது. சேலை வரவில்லை. கடைசியில் அம்மா இரண்டு மாதம் நோயில் கிடந்து, வைத்தியசாலையில் அமைதியாகக் கண்ணை மூடினார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு மாமி வந்திருந்தார். "இந்தக் கந்தல் சேலையோடயோ பிள்ளை அட்டையில போடப்போறாய்? கொம்பியூட்டரில ஒரு பட்டுச் சேலை மாத்தி விடலாம். என்ர பக்கத்தை வெட்டிவிடு" என்றார். பிறகு பிரான்சிலிருந்து கொண்டுவந்திருந்த தன் அல்பத்தில் இருந்த பிரதியை எடுத்துக் காட்டினார். அதில் அம்மா இல்லை. கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தது. ஆனால் மாமியின் தோளில் நாலு விரல் அப்படியே இருந்தது. அதையும் வெட்டினால் மாமியின் தோள் போயிருக்கும்.

"இது ஆருடைய கை, மாமி?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும், எத்தினை வருசம்" என்றார்.

அந்த நிமிடத்தில்தான் இந்த அட்டையை முடிவு செய்தேன்.

அம்மாவை மாறி மாறிப் பார்த்துக்கொண்ட அயல் வீட்டுப் பெண்களுக்கும், பந்தல் போட்டுப் பாடை சுமந்தவர்களுக்கும், கிரியைகளைச் செய்வித்த குருக்களுக்கும், தூரத்திலிருந்து வந்து எங்களோடு இருந்து அழுதவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். கமராவில் மிஞ்சியிருந்த ஒரு படத்தில் எங்கள் அம்மாவையும் சேர்த்து எடுத்த அந்த மாங்குளத்து மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

மாமி, உங்களை நாங்கள் வெட்டவில்லை. படத்தில் இடது பக்கம் நிற்பவர் அந்த வீட்டின் தலைவி, எங்கள் அம்மா. வலது பக்கம் நிற்பவர் எங்கள் மாமி. அவர் உடுத்தியிருப்பது அம்மாவின் சேலை, தோளில் இருப்பது அம்மாவின் கை. சேலையை இனி அனுப்ப வேண்டாம். அம்மா வாசலில் நிற்கவில்லை.