என் ரத்தம்தான் என்றேன்

மனைவி உண்டாகியிருக்கும்போது கணவன் முகத்தில் கத்தி படக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை பிறக்கும்வரை தாடி வளரும். எங்கள் பக்கம் என்றால் திருநெல்வேலிப் பக்கம். நான் வேலை பார்க்கும் தி.நகர் ஜவுளிக்கடையில் முதலாளியில் இருந்து மூட்டை தூக்குகிறவர் வரை பாதிப் பேர் அந்தப் பக்கம்தான். அதனால் கடையில் ஒருவன் தாடி விட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. மற்ற நாட்களில் ஒருநாள் ஷேவ் செய்யாமல் வந்தாலும் ஊழியர் வாசலிலேயே மடக்கிப் பிடிக்கும் மேலாளர், தாடியைக் கண்டால் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு, "எத்தனை மாசம்?" என்பார்.

முதல் தடவை எனக்கும் அப்படித்தான் வளர்ந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் காலையில் என் மனைவிக்கு ஒரு பொட்டு ரத்தம் பட்டது. உடம்புச் சூடு என்று நினைத்தோம். இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு நான் கடைக்குப் போனேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அந்த மிச்ச வாக்கியத்தை நானும் அவளும் தனித்தனியாக எத்தனை விதமாகவோ முடித்துப் பார்த்துவிட்டோம்.

பத்து நாள் கழித்துத் தாடியை எடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். பட்டுப் பிரிவில் கால் வைத்ததும் பில் போடும் பெண் எழுந்து நின்று, "சார், பொறந்துடுச்சா? ஸ்வீட் எங்க?" என்று கையை நீட்டினாள். எங்கள் கடையில் தாடி போன முகம் என்றால் பிள்ளை பிறந்த முகம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் அந்த நிமிடம் அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. அன்று மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். மூன்று தடவையும் சேலை மடிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து என் மனைவி மறுபடியும் உண்டானாள். அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். "எய்யா, முகத்துல கத்தி படாமப் பாத்துக்கோ. போன தடவ மாதிரி ஆயிரப்புடாது." போன தடவையும் படவிடவில்லையே அம்மா என்று கேட்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, நான் போனை வைத்ததும் சொன்னாள்: "தாடி வேணாங்க. அந்த மூஞ்சிய மறுபடி பாக்க என்னால முடியாது. தெனமும் எடுத்துடுங்க."

எடுத்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நிற்கும்போது அம்மாவின் குரல் காதில் விழும். மழித்தால் அம்மாவுக்கு ஆகாது, மழிக்காவிட்டால் இவளுக்கு ஆகாது. இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை நான். ஆனால் பயப்படுவதற்கு நம்பிக்கை தேவைப்படவில்லை.

அதுவரை நான் பயன்படுத்தியது ஐந்து பிளேடு சேர்ந்த கார்ட்ரிட்ஜ் ரேசர். தினமும் அதை இழுக்க இழுக்க என் கழுத்தெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக வந்துவிட்டது. எனக்குச் சுருட்டை முடி. ஐந்தாவது பிளேடு முடியைத் தோலுக்கு அடியிலேயே வெட்டிவிட, அது வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே சுருண்டுகொள்ளும். ஆண்கள் பிரிவில் சட்டை விற்கும் நண்பர் ஒருவர், பட்டினப்பாக்கத்துக்காரர், என் காலரை விலக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, கழுத்து உரிச்ச கோயி மாரி கீது? அந்த பிளாஸ்டிக்க தூக்கிக் கடாசு. ஒரே பிளேடு மாட்டுவாங்க பாரு, பழைய மாடல் ரேசரு, அத்த வாங்கு. நானு நாலு வருசமா அதாலதான் பண்ணிக்கினு கீறேன்."

அன்று சாயங்காலமே பாண்டி பஜாரில் வாங்கினேன். மூன்று துண்டாகக் கழன்று வரும் சேஃப்டி ரேசர். நடுவில் மெல்லிய பிளேடை வைத்து, கைப்பிடியைத் திருகினால் கவ்விக்கொள்ளும். கையில் நல்ல கனம். அழுத்தாதே, கனமே வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றார் கடைக்காரர். அழுத்தாமல் இருப்பதுதான் எனக்கு வராத விஷயம். கார்ட்ரிட்ஜின் தலை ஆடும். தாடை எப்படித் திரும்பினாலும் அதுவும் கூடவே திரும்பி நம் தப்பை மறைத்துவிடும். இது அசையாது. கோணம் நூலிழை மாறினாலும் வெட்டும். முதல் வாரம் முகத்தில் நாலைந்து இடத்தில் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் வாரம் கழுத்து குழந்தையின் கழுத்து போல ஆகிவிட்டது. அதன்பின் என்னைப் பிடிக்க முடியவில்லை. தாடி முளைத்த எல்லாரையும் நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தேன். கார்ட்ரிட்ஜ் என்பது சோம்பேறிகளுக்கு என்று சொல்லிக்கொண்டு அலைந்தேன்.

இதற்குள் ஆறாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. டாக்டரம்மா இந்த முறை வாக்கியத்தை முழுசாகவே சொன்னார். "ஒரு பொட்டு பட்டாலும் நேரா இங்க வரணும். எத்தனை மணிக்குப் பட்டுதுன்னு பாத்து வெச்சுக்குங்க. வீட்ல உக்காந்து யோசிக்கக் கூடாது."

எங்கள் மயிலாப்பூர் வாடகை வீட்டில் ஒரே குளியலறை. கதவை ஒட்டி வாஷ்பேசின், எதிர்மூலையில் கழிப்பறைக் கோப்பை, இரண்டுக்கும் நடுவே வெள்ளை டைல்ஸ். அவள் உள்ளே போகும்போதெல்லாம் நான் எந்த வேலையில் இருந்தாலும் கை நின்றுவிடும். வெளியே வந்து தலையை லேசாக இடவலமாக ஆட்டுவாள். இல்லை என்று அர்த்தம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அந்தத் தலையாட்டல். வேறு பேச்சே எங்களுக்குள் குறைந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலையை ஆட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. தரையில் ஒரு சொட்டு சிவப்பு. ஆட்டோ பிடித்து ஆழ்வார்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பரிசோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குழந்தை நன்றாக இருந்தது. ரத்தப்போக்கு என்பதற்கு அடையாளமே இல்லை என்றார்கள். டாக்டரம்மாதான் என் மோவாயைக் கவனித்தார். அங்கே ஒரு கீறல், அதில் காய்ந்த ரத்தம்.

"சார், ஷேவ் பண்ணீங்கன்னா தரையக் கழுவிட்டு வெளிய வாங்க" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். என் மனைவி சிரிப்பை நிறுத்தாமல் அழுதாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "பழைய ரேசருக்கே மாறிடுங்களேன். கொழந்த பொறக்கற வரைக்கும்."

எவ்வளவு சின்ன விஷயம் அது. சரி என்றிருக்கலாம். நான் கழுத்தைத் தடவிக்கொண்டு, இப்போதுதான் ஆறியிருக்கிறது என்றேன். தரையை நான் துடைத்துவிடுகிறேன், அவ்வளவுதானே என்றேன். பழக்கத்தில் கை தேறிவிடும், இனி வெட்டாது என்றும் சொன்னேன். அவள் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாதத்தில் ஜெயித்துவிட்டேன்.

துடைக்கவும் செய்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு புள்ளி தப்பிவிடும். பேசின் விளிம்பில், துண்டின் ஓரத்தில், ஒருமுறை சோப்பின் மேல். அவள் கூப்பிட்டுக் கேட்பாள், என்னோடது என்பேன், அவள் மூச்சு விடுவாள். நாலைந்து முறை இப்படி நடந்ததும் கேட்கும்போது அவள் குரலில் பழைய நடுக்கம் இல்லை. பயம் குறைகிறது என்று சந்தோஷப்பட்டேன். வீட்டில் ரத்தத்தைப் பார்த்தால் பதறாமல் இருக்க அவளைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஆடி முதல் நாள். தள்ளுபடி விற்பனை ஆரம்பம் என்பதால் எட்டு மணிக்கே கடை திறக்க வேண்டும். புது பிளேடு மாட்டியிருந்தேன். புது பிளேடு கடிக்கும். மோவாய்க்கு அடியில் வெட்டியது. படிகாரத்தை அழுத்திக்கொண்டு அறைக்குப் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் குளியலறைக்குள் போனாள். மணி ஏழு. கை நின்றது.

"என்னங்க. இது உங்களோடதா?"

போய்ப் பார்த்தேன். இரண்டு சொட்டு. ஒன்று பேசினுக்குக் கீழே. இன்னொன்று எதிர்மூலையில், கோப்பைக்கு முன்னால். நான் பேசினை விட்டு நகரவே இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து இங்கே என் ரத்தம் வர வேண்டுமென்றால் பறந்துதான் வர வேண்டும்.

கை தானாக மோவாய்க்குப் போனது. விரலில் ஈரம். அதை அவளிடம் நீட்டிக் காட்டினேன். "என்னோடதுதான். புது பிளேடு."

அவள் மூச்சு விட்டாள். "சரி, கெளம்புங்க. நேரமாச்சு" என்றாள். நான் குனிந்து ஒரே துணியால் இரண்டையும் துடைத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எவ்வளவோ யோசித்திருக்கிறேன். விற்பனை நாள் ஒரு காரணமே இல்லை. வேலை போனால் போகட்டும் என்று விடுகிற ஆள்தான் நான். அந்தச் சொட்டு என்னுடையதாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன், அவ்வளவுதான். மறுபடியும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க எனக்குத் தைரியமில்லை. என்னுடையது என்று வாயால் சொல்லிவிட்டால் அது என்னுடையதாகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கோழை நம்பினான்.

கடையில் கூட்டம் நெரிந்தது. சேலைகளை விரித்துக்கொண்டே அந்த மூலையை நினைத்துக்கொண்டிருந்தேன். ரேசரை உதறியபோது தெறித்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். நான் உதறவில்லை. ஒன்பதரைக்குப் போன் செய்தேன், நன்றாக இருக்கிறேன் என்றாள். பதினொன்றேகாலுக்கு எதிர்வீட்டு அம்மா கூப்பிட்டார். "தம்பி, ஆட்டோல கூட்டிட்டுப் போறேன். நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. நெறைய போகுது."

கடை வாசலில் வந்த ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோ தேனாம்பேட்டை சிக்னலில் நின்றுவிட்டது. நான் பாதி எழுந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "குந்து சார். டென்சன் ஆவாத. சிக்னல் உட்டா ரெண்டு நிமிசத்துல பூடலாம்" என்றார் ஓட்டுநர். மோவாயில் காயம் அரித்தது. சொறிந்தேன், மறுபடி ரத்தம் வந்தது. அந்த விரலை வெட்டி எறிந்துவிடலாம் என்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் தள்ளுகட்டிலில் கிடந்தாள். அதே டாக்டரம்மா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"பதினொரு மணிக்கு டாக்டர்" என்றாள் அவள். "காலைல கொஞ்சம் கெடந்துது. அது அவரோடது. ஷேவ் பண்றப்ப வெட்டிக்கிட்டார்."

டாக்டரம்மா நிமிர்ந்து என் மோவாயைப் பார்த்தார். சாட்சி அங்கேயே கசிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. சாகும்வரை தெரியாது.

"இல்ல டாக்டர். ஏழு மணிக்கே. ரெண்டு சொட்டு இருந்துது. ஒண்ணுதான் என்னோடது."

"தெரிஞ்சேவா போனீங்க?"

டாக்டரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நாலு மணி நேரம் என்று நர்சிடம் சொல்லி, குழந்தையின் நுரையீரலுக்கான ஊசியைப் போடச் சொன்னார், ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். என் மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தாள். கதவு மூடியது. அந்த வராந்தாவில் நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. கும்பிடும் யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

சாயங்காலத்துக்குள் ரத்தம் மட்டுப்பட்டது. குழந்தையின் துடிப்பு இருந்தது. நாளைக்கு இருக்குமா என்று யாரும் சொல்லவில்லை. முப்பத்தேழு நாள் அவள் அங்கேயே படுத்திருந்தாள். மறுநாளே ஆஸ்பத்திரி வாசல் மருந்துக்கடையில் ஒரு கார்ட்ரிட்ஜ் ரேசர் வாங்கினேன். கழுத்தில் பொரிகள் திரும்ப வந்தன. பட்டினப்பாக்கத்துக்காரர் கேட்டதற்கு, தோலுக்கு ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ரத்தம் சிந்த இன்னொரு ஆள் இருக்கக் கூடாது. இதை முன்பே ஒருத்தி கெஞ்சிக் கேட்டிருந்தாள்.

எட்டாம் மாதத்தில் அறுவை செய்து எடுத்தார்கள். பெண். பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டு எங்களோடு வீட்டுக்கு வந்தாள்.

வந்த நான்காம் நாள் மதியம், என் மனைவி கட்டிலில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எத்தனையாவது தடவையாகவோ மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் நாலு மணி நேரம் முன்னாலேயே போயிருக்கலாம் என்று ஆரம்பித்தேன்.

"போதும், நிறுத்துங்க" என்றாள் குழந்தையைப் பார்த்தபடியே. "நான் மட்டும் என்ன, கண்ணு தெரியாதவளா? அது எங்க கெடந்துதுன்னு நானும்தான் பாத்தேன். எனக்கு ஈரம் தெரிஞ்சுது. உங்களோடதுன்னு நீங்க சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்."

குழந்தை குடித்து முடித்தது. ஏப்பம் வரவேண்டும் என்று மகளைத் தூக்கி என் தோளில் போட்டாள்.