கிள்ளானில் இறங்காத நாள்

கப்பல் கிள்ளானின் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் வந்து நின்ற காலையில், என் வீட்டுக்காரர் தகரப் பெட்டியைத் திறந்து தன் வெள்ளைக் கோட்டை எடுத்து உதறினார். சிங்கப்பூரில் ஏறியதிலிருந்து டெக்கில் பாய் விரித்து, கருவாட்டு மூட்டைகளுக்கும் வாந்தி நாற்றத்துக்கும் நடுவில் கிடந்தவர்கள் நாங்கள். அந்தக் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு அவர் கோட்டை மாட்டினார், எண்ணெய் தொட்டுத் தலை வாரினார், கைக்கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையைப் பார்க்கப் போவதற்கு இவ்வளவு மரியாதை செய்கிறாரே, இந்த மனுஷனைப் போய் கல்நெஞ்சக்காரர் என்று எத்தனை முறை ஏசியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

எங்கள் மூத்த மகள் கிள்ளானில் இருந்தாள். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள். கல்யாணமாகி வந்து நான் முதலில் அடுப்புப் பற்றவைத்த ஊர் கிள்ளான்தான். அவர் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். பிள்ளை மூன்று வயதில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். குழி மேட்டில் மண் காய்வதற்குள் அவரைச் சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டார்கள். கல் வைக்க அவகாசமில்லாமல் ஒரு மரச்சிலுவையை நட்டுவிட்டுப் புறப்பட்டோம். அதன் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் போகலாம் என்பார், ஒவ்வொரு வருஷமும் லீவு கிடைக்காது. பிறகு ரப்பர் விலை விழுந்தது, ஆட்குறைப்பு வந்தது, அதில் அவரும் போனார். ஊருக்குத் திரும்புகிறோம் என்று ஆனபோது நான் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். கப்பல் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்குமே, அந்தப் பகல் எனக்கு வேண்டும் என்றேன்.

"கண்டிப்பாப் போறோம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அடுத்து நிற்கும் பினாங்கில் டெக் ஆட்களைக் கீழே விடமாட்டார்கள் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஆக, மலாய் மண்ணை நாங்கள் மிதிக்கும் கடைசிப் பகல் அதுதான். சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்று எச்சரித்து எங்களை இறக்கிவிட்டார்கள்.

துறைமுகத்திலிருந்து ரயில் ஏறினோம். கிள்ளான் ஸ்டேஷன் வந்ததும் நான் எழுந்து நின்றேன். அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு. முதல்ல கோலாலம்பூர் போயி தொரையைப் பாத்துச் சொல்லிக்கிட்டு வந்துருவோம். திரும்பி வரும்போது இங்க இறங்கிக்கலாம்."

"எந்தத் தொரைங்க?"

"நம்ம கிட்டங்கித் தொரைதான். இப்ப அங்க பெரிய ஆபீஸ்ல இருக்காரு. சொல்லாமப் போனா நன்றி கெட்டவன்னு நினைக்க மாட்டாரா?"

கோட்டு யாருக்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரயில் நகர்ந்துவிட்டது. தனியாக இறங்கிப் போயிருக்கலாமே என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பார்கள். டிக்கெட் அவர் பையில் இருந்தது. அவர் இல்லாமல் நான் மார்க்கெட்டுக்குக்கூடப் போனதில்லை, போக விட்டதுமில்லை.

அந்த நாளில் நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்குப் போகிறவன் துரையைப் பார்த்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் கொடுத்து, சொல்லிக்கொண்டு போக வேண்டும். துரை சம்பளத்தை உயர்த்தினாலும் மாலை, வேலையை விட்டுத் துரத்தினாலும் மாலை. ஆட்குறைப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது அதே துரைதான். அது அவருக்கும் தெரியும். ஆனால் அதற்கும் முன்னால், பிள்ளையைப் புதைத்த அன்று இந்தத் துரை அவருக்கு அரைநாள் லீவு கொடுத்திருந்தார். அந்த அரைநாளை அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். காலையில் மண் போட்டுவிட்டு மத்தியானம் கிட்டங்கிக்கு ஓடினாரே, அதைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை குறைபட்டுக்கொண்டதில்லை. நன்றியைத் தவிர அவர் மனதில் வேறொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாலையோடு போய் நின்றால் துரை மனமிரங்கி, நீ போகாதே, இங்கேயே இரு என்று சொல்லிவிடுவார் என்று ஓர் ஆசை. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ரயிலில் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. இங்கிலீஷில் பேச வேண்டியதைப் பாடம் செய்துகொண்டிருந்தார்.

கோலாலம்பூரில் இறங்கி, ரிக்‌ஷா பிடித்து முதலில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். நம் கடைகள் அங்கேதான். வழியில் எனக்கு ஊர் காட்டினார். இது ரயில்வேக்காரர்களின் வீடுகள், இது மாதா கோயில், அது கந்தசாமி கோயில் என்று கைநீட்டிக்கொண்டே வந்தார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி எங்கேயும் கூட்டிப் போகாத மனுஷன், அன்றைக்கு என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டார். பூக்கடையில் மாலை கட்டச் சொல்லிவிட்டு நின்றபோது, பிள்ளைக்கும் ஒரு முழம் வாங்குங்கள் என்றேன்.

"வெயில்ல வாடிப் போயிரும். திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்" என்றார்.

துரையின் மாலை மட்டும் வாடாது போலிருக்கிறது. அதை ஈர வாழையிலையில் சுற்றிப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டார்.

ஆபீஸ் வாசலில் நம் ஆள் ஒருவர் பியூனாக இருந்தார். "தொரை கிளப்புக்குச் சாப்பிடப் போயிருக்காரு கிராணி ஐயா. எப்ப வருவாருன்னு சொல்ல முடியாது" என்றார். என்னைப் பார்த்து, "அக்கா, அந்த நெழல்ல உக்காருங்க" என்றார். நான் மரத்தடியில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கோட்டு கசங்கிவிடும். வெயில் ஏறியது, நிழல் என்னை விட்டு விலகிப் போனது, நானும் நிழலோடு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தேன். "போதுங்க, போயிரலாம்" என்று கேட்டேன். "இப்ப வந்துருவாரு" என்றார். இன்னொரு முறை கேட்டேன். அதற்கும் அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது, "இவ்வளவு நேரம் நின்னது வீணாப் போகணுமா?" என்று எரிந்து விழுந்தார். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒருவழியாகத் துரையின் கார் வந்தது. சிவந்த முகத்தோடு, சாப்பிட்ட மயக்கத்தோடு இறங்கினார். இவர் ஓடிப்போய் மாலையை உயர்த்தினார். துரை கழுத்தைக் கொடுக்கவில்லை. மாலையை இரண்டு விரலால் வாங்கி அப்படியே பியூனிடம் நீட்டிவிட்டார். இவர் பாடம் செய்த இங்கிலீஷை ஒப்பிக்கத் தொடங்கினார். கிள்ளான் என்றார், கிட்டங்கி என்றார், மை டாட்டர் என்றார். துரை இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசவில்லை. கூலியாட்களிடம் பேசுகிற மலாயிலேயே, "பாய்க், பாய்க்" என்றார். நல்லது, நல்லது என்று அர்த்தம். எந்தப் பிள்ளை, எந்தக் கிராணி, ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு, "சலாமாட் ஜாலான்" என்று வழியனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். பழத்தை வாங்கும்போது துரையின் விரல் இவர் கையில் பட்டது. அவ்வளவுதான்.

திரும்பும் ரயிலில் ஏறினோம். பிள்ளைக்குப் பூ வாங்கவில்லை. மறந்துவிட்டார், எனக்கும் கேட்க வாய் வரவில்லை. கிள்ளான் ஸ்டேஷனில் வண்டி நின்றது. வெளியே மஞ்சள் வெயில் அடித்தது. நான் எழுந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப இறங்கினா கப்பல் போயிரும். சொன்னாக் கேளு."

"போனாப் போகட்டும். பிள்ளையைப் பாக்கணும், விடுங்க."

விடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சீனக் கிழவி எங்களையே பார்த்தாள். வண்டி புறப்பட்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. துறைமுகத்தில் கப்பல் அசையாமல் நின்றது. ரப்பர் பெட்டிகள் கரையில் மலையாகக் குவிந்துகிடந்தன, விளக்கேற்றிய பிறகும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிள்ளானில் இறங்கியிருந்தால் பிள்ளையிடம் ஆற அமர உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாம். "தெரியாமப் போச்சே" என்றார். நான் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிள்ளைக்கு அரைநாள், துரைக்கு முழுநாள். அன்று மனதுக்குள் சொன்னது, இன்றும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கு வந்த பிறகு அவர் மலாய்க் கதை சொல்லாத நாளில்லை. "பெரிய தொரை கார்ல இருந்து இறங்கி வந்து எனக்குக் கைகொடுத்தாரு. அப்படி ஒரு மனுஷன்" என்பார். வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். நான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவரை நான் பட்டினி போட்டதில்லை, பிறகு பிறந்த பிள்ளைகள் முன்னால் ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை, துணி துவைத்துப் போடாமல் இருந்ததில்லை. கிள்ளான் என்ற பேச்சை மட்டும் என்னிடம் எடுக்க விடவில்லை. ஜப்பான்காரன் சண்டைக்குப் பிறகு அங்கிருந்து வந்த ஒருவரிடம் கல்லறைத் தோட்டத்தைப் பற்றி விசாரித்தேன். பழைய பக்கத்தில் மரச்சிலுவை ஒன்றும் மிஞ்சவில்லை, எது யாருடையது என்று சொல்ல முடியாது என்றார். அந்தச் செய்தியை அவரிடம் நான் சொல்லவில்லை.

கடைசியில் அவரும் காய்ச்சலில்தான் படுத்தார். குருவானவர் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்கப் பார்த்தார்.

"கிள்ளான் வந்துருச்சா?"

வந்துவிட்டது, இறங்கலாம் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பார். அது எனக்குத் தெரியாமலில்லை.

"தாண்டிப் போயிருச்சுங்க" என்றேன்.