படிக்கட்டில் விழுந்தவள்

அந்தப் பந்தை அடித்தது நான்தான். இந்த ஒரு வரியை எழுதப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

அப்போது பதுளையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் ஹொக்கி அணியும் என் பொறுப்பில் இருந்தது. இளவயதில் நானும் ஆடியவன். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது.

ஹொக்கியில் பெனால்டி கோர்னர் என்று ஒன்று உண்டு. தற்காக்கும் அணியில் ஐந்து பேர் கோல் கோட்டில் நிற்பார்கள். எதிரணியில் ஒருத்தி கோலுக்கு முன்னுள்ள வட்டத்தின் விளிம்பிலிருந்து முழு வேகத்தில் அடிப்பாள். அந்த அடியை நோக்கி ஒருத்தி நேராக ஓடிப்போய் மறிக்க வேண்டும். எங்கள் அணியில் ஓடுகிறவள், ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும் பதினேழு வயதுப் பிள்ளை. அவளைப் போலப் பயமில்லாமல் ஓடுகிறவளை நான் பார்த்ததில்லை.

முகக் கவசங்கள் வரும்வரை பெனால்டி கோர்னர் பயிற்சி வேண்டாம் என்று பாடசாலை அதிபர் எழுத்திலேயே தந்திருந்தார். மாகாணப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை, யாரிடமும் கேட்காமல் பிள்ளைகளை மைதானத்துக்கு வரச்சொன்னேன். அவர்களில் யாருக்கும் பலமாக அடிக்க வரவில்லை. "இப்படித்தான் அடிக்கணும், பாருங்க" என்று மட்டையை வாங்கி நானே அடித்தேன். ஐம்பத்தொன்பது வயதிலும் கை தளரவில்லை என்று காட்டிக்கொள்ளும் ஆசை அதில் இருந்தது. பந்து நிலத்தில் போகாமல் எழும்பியது. அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள். இடது கண்ணுக்குக் கீழே, கன்னத்து எலும்பில் பட்டது.

முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நான் யோசித்துவிட்டேன். அடிபட்ட காயம் என்றால் ஆஸ்பத்திரிப் பொலிஸில் பதிவார்கள். பொலிஸ் பாடசாலைக்கு வரும். அதிபரின் கடிதம் வெளியே வரும். என்மேல் விசாரணை வைத்தால் ஓய்வூதியம் முடங்கும். ஈரக் கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டிருந்த பிள்ளையிடம் சொன்னேன்:

"லயத்துப் படியில விழுந்தேன்னு சொல்லும்மா. கிரவுண்டுல நடந்ததுன்னு தெரிஞ்சா ஹொக்கியையே நிப்பாட்டிருவாங்க."

ஹொக்கி நின்றுவிடும் என்பதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் சம்மதித்திருக்க மாட்டாள். அது தெரிந்துதான் சொன்னேன். மைதானத்தில் இருந்த மற்றப் பிள்ளைகளின் வாயையும் பிறகு அதையே சொல்லி அடைத்தேன்.

அவளுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. எனக்கு நன்றாக வரும். ஆகவே ஆஸ்பத்திரியில் தாதி கேட்டதை அவளுக்குத் தமிழில் சொன்னதும், அவள் சொன்னதைச் சிங்களத்தில் திருப்பிச் சொன்னதும் நான்தான். காலையில் வீட்டுப் படியில் விழுந்தாள், தகவல் கிடைத்து ஆசிரியர் என்ற முறையில் நான் கூட்டிவந்தேன் என்றேன். தாதி காயத்தை உற்றுப் பார்த்தார்.

"உருண்டையா ஒரு படிக்கட்டை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு, "வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேளுங்க."

கேட்டேன்.

"அப்பா மட்டுந்தான். அம்மா குவைத்துல."

இதை மட்டும் ஓர் எழுத்தும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. சத்திரசிகிச்சை செய்து சிறிய தகடு வைத்தார்கள். அவள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த இரண்டு வாரத்துக்குள் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரு கதை தெரிந்துவிட்டது. அவளுடைய அப்பா தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஆயிரமாயிரம் செடிகளின் தலையைக் கத்தியால் இழுத்து இழுத்து முறுக்கேறிய முன்கை. சனிக்கிழமைகளில் குடிப்பார், குடித்தால் பாடுவார். பிள்ளையை அடித்ததாக அதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் தாய் வெளிநாட்டில், தகப்பன் குடிக்கிறவன், பிள்ளை 'விழுந்துவிட்டாள்' என்றால், எங்கள் ஊரில் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. யாரோ குவைத்துக்கும் சொன்னார்கள். அவளுடைய அம்மா அன்றோடு கணவனிடம் பேசுவதை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அறிவித்ததால், சிறுவர் பாதுகாப்பைக் கவனிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர் பாடசாலைக்கு வந்தார். அக்கறையான பெண். பிள்ளையைத் தனியே உட்கார வைத்து ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"எத்தனை தரம் கேட்டாலும் படியில விழுந்தேன் மிஸ், படியில விழுந்தேன் மிஸ்னே சொல்லுது. அடிக்கிற அப்பாவைத்தான் சேர் புள்ளைங்க இப்படி விட்டுக்குடுக்காம இருக்கும். எத்தனை பாத்துட்டேன்."

நான் தலையாட்டினேன். இன்றுவரை என்னை உறுத்துவது பந்தை அடித்த கை அல்ல, அந்தத் தலையாட்டல்தான்.

அம்மா திரும்பும்வரை பிள்ளை பாடசாலை விடுதியில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். மூன்றாவது ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். வெளுத்த சேட்டும் சாரமுமாக வந்திருந்தார். மகளுக்கு ஒரு பொட்டலம் ரொட்டி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"சேர், பந்து பட்டதுன்னு பாப்பா மொத நாளே எங்கிட்ட சொல்லிருச்சுங்க."

"அடிச்சது நான்னும் சொன்னாளா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "அத சொல்லலீங்க."

ஒரு பஸ் உறுமிக்கொண்டு ஏறிப்போனது.

"நான் வாயத் தொறந்தா ஹொக்கி நின்னுருமாமே. கையப் புடிச்சு சத்தியம் வாங்கிருச்சு. நான் அவ அம்மாகிட்ட மட்டும் சொல்லிப் பாத்தேன், போன வச்சிட்டா. சரி, ஊரு பேசுனா பேசட்டும். எனக்கென்ன இனிமே பொண்ணா பாக்கப்போறாங்க? ஆனா புள்ள திரும்ப வெளையாடணும். வெளையாடாமப் போச்சுன்னா நான் இவ்வளவும் எதுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கணும்? நீங்கதான அடிச்சீங்க, நீங்களே எழுப்பி விடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வேலையைப் பங்கு பிரித்துக்கொடுப்பதைப் போலத்தான் சொன்னார்.

அவளை எழுப்பி விடுவது எளிதாக இருக்கவில்லை. மேலுதட்டின் பாதி மரத்திருந்தது. தேநீர் குடித்தால் வாயோரம் வழியும். அதற்காகவே மற்றப் பிள்ளைகளுடன் சேர்ந்து குடிக்க மாட்டாள். எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. முதல் இரண்டு மாதம் நடை மட்டும். பிறகு மைதானத்தைச் சுற்றி மெல்லோட்டம். டொக்டர் சொன்னதற்கு ஒரு நாள்கூட முந்தவிடவில்லை. அந்தவரைக்கும் நான் ஒழுங்காக நடந்துகொண்டேன். நான்காவது மாதம் பந்தை உருட்டிவிட்டேன்.

"ரெண்டு பந்து வருது சேர்."

"எதை அடிப்ப?"

"ரெண்டையுந்தான். விட்டுட்டா நீங்க திட்டுவீங்களே."

மெல்ல மெல்ல இரண்டும் ஒன்றாயின. டொக்டர் ஆடலாம் என்றார், முகக் கவசத்தோடு. கண்டியில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு ஒன்று வரவழைத்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. ஓடுகிறாள், கால் பயப்படவில்லை. ஆனால் பந்து கிளம்பும் சத்தம் கேட்டதும் முகம் தானாகத் திரும்பிவிடுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்தை மறிக்க முடியாது. இரண்டு வாரம் எல்லாப் பிள்ளைகளையும் அடிக்க வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை.

ஒரு மாலை மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு, "நீங்க அடிங்க சேர்" என்றாள்.

நான் அடித்தேன். அடித்தேன் என்பதைவிடத் தள்ளினேன் என்று சொல்லலாம். அவள் காலாலேயே நிறுத்தினாள்.

"என்னங்க சேர், கெழங்கு உருட்டுறீங்களா?"

மறுபடி தள்ளினேன். மட்டை கையில் நிற்கவில்லை, நடுங்கியது. அவள் கவசத்தை நெற்றிக்கு உயர்த்திவிட்டு என் கைகளைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கப்பா பேரு போனப்ப நடுங்காத கை, இப்ப என்னாத்துக்கு நடுங்குது?"

முப்பது வருடத்தில் எந்த மாணவியும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் கவசத்தை இறக்கிக்கொண்டு கோட்டுக்குப் போய் நின்றாள். நான் முழுப் பலத்தோடு அடித்தேன். அவள் ஓடி வந்தாள். முகம் திரும்பியது. பந்து கோலுக்குள் போனது.

"இன்னொன்னு" என்றாள்.

இருட்டும்வரை அடித்தேன். எத்தனையாவது பந்து என்று தெரியாது, ஒன்று அவளுடைய மட்டையில் பட்டு டக்கென்று நின்றது. முகம் நேராக இருந்தது. அவள் குதிக்கவில்லை. குனிந்து பந்தை எடுத்து என் பக்கம் உருட்டிவிட்டு மீண்டும் கோட்டுக்குப் போனாள்.

அடுத்த வருட மாகாணப் போட்டியில் ஆடினாள். எங்களுக்கு எதிராக நான்கு பெனால்டி கோர்னர் வந்தன. மூன்றை மறித்தாள். நான்காவது அவளுடைய மட்டையில் பட்டுத் தெறித்து, எதிரணியில் வேறொருத்தியிடம் போய் கோலானது. தோற்றோம். அப்பா வரவில்லை. கேட்டதற்கு, "நான் வந்தா ஆளுங்க ஆட்டத்த விட்டுட்டு என்னயத்தான் பாப்பாங்க" என்றார்.

ஓய்வூதியம் கைக்கு வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே தவணை சொல்லியிருந்தேன். ஓய்வூதியம் வந்தது. உத்தியோகத்தர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றேன். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்து அவள் வீட்டுக்குத் திரும்பியதும் பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே என்றேன். இப்படியே வருடங்கள் போயின. அவளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. வேலை செய்யும் இடத்தின் அணிக்கு இப்போதும் ஆடுகிறாள். அம்மா குவைத்திலிருந்து லீவில் வந்தாலும் பண்டாரவளையில் தங்கை வீட்டில் இருந்துவிட்டுப் போவார். தோட்டத்துக்கு வருவதில்லை.

சில மாதங்களுக்கு முன் அவர் ஒரேயடியாகத் திரும்பி லயத்துக்கே வந்துவிட்டார். மகள் எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"அப்பாவுக்குச் சோறு போடுறாங்க சேர், ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறாங்க. நான் சொன்னா, நீ எப்பவும் அப்பனக் காப்பாத்துறவதானங்கிறாங்க." பிறகு, "நீங்க வரவேணாம். சும்மா சொன்னேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு போனேன். அப்பா வேலியோரம் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோடரியை வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் அம்மா, பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேர். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: அன்று மைதானத்தில் நடந்தது, நான் அடித்தது, நான் சொல்லிக்கொடுத்த பொய், ஆஸ்பத்திரியில் நான் செய்த மொழிபெயர்ப்பு.

பக்கத்து வீட்டு அம்மாள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "சேருக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க. ஒரு குடும்பம் ஒன்னாகணும்னு தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு."

"படிச்சவுங்கன்னா இப்படி இருக்கணும்" என்றார் இன்னொருவர்.

இல்லை, நான் சொல்வது உண்மை என்றேன். சொல்லச் சொல்ல என் மதிப்புத்தான் உயர்ந்தது.

பிள்ளையின் அம்மா உள்ளே போய் ஒரு கிளாஸ் பிளேன் டீ கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார். பிறகு கேட்டார்:

"உண்மைன்னா, பன்னெண்டு வருசமா ஏன் சேர் சொல்லல?"

"பென்சன் நின்னுரும்னு பயந்தேன்."

"பென்சன் வந்த பொறகு?"

"வெக்கமா இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் ஒன்னும் கேக்கலங்கிறதால அப்படியே விட்டுட்டேன்."

அவர் முகம் மாறியது. தன்னைப் பற்றி இப்படியொரு காரணத்தை யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். நம்பிவிட்டார்.

"டீ ஆறுது. குடிச்சிட்டுப் போங்க" என்றார். அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. திட்டவும் இல்லை.

நான் குடித்தேன். அவர் கணவனின் பக்கம் திரும்பினார்.

"நீயாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். நீ போன வச்சிட்ட."

"திரும்ப எடுத்திருக்கலாமில்ல?"

"எடுத்தேன். நம்பர மாத்திட்ட."

அம்மா பிளந்த விறகை அள்ளி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பா மீதி விறகை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். நான் கிளாஸை ஸ்டூலில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு இறங்கினேன். வழியில் இரண்டு பேர் எனக்குக் கும்பிடு போட்டார்கள்.