கால்மாட்டில் வைத்த முட்டை

எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆதாரம் காகிதத்திலேயே இருக்கிறது. வார்டுக்குப் போன தட்டு சமையலறைக்குத் திரும்பிவிட்டால், அந்தப் படுக்கை எண்ணுக்கு நேரே 'உண்டார்' என்று ஒரு டிக் விழும். தட்டில் எவ்வளவு மிச்சம் என்று குறிக்க அந்தத் தாளில் கட்டமே கிடையாது. அவ்வளவு நம்பிக்கை.

இந்த மகத்தான ஏற்பாட்டில் பதினெட்டு வருடமாகத் தட்டு எடுப்பவர் தட்டக்கா. முழங்கால் வலி, நீளமான வாய், தட்டு எண்ணிக்கையில் ஒரு தடவைகூடத் தப்பாத கறார்.

ஏழாம் படுக்கையில் ஒரு லாரி டிரைவர். கழுத்தெலும்பில் அடி, கால் அசையாது, கை பாதிதான் எழும்பும். படுத்தே கிடந்ததில் இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். உணவு ஆலோசகர் வந்து மணிமணியாக எழுதிவைத்தார்: புண் மூட உடம்பு புதுச் சதை போட வேண்டும், நாளுக்கு இரண்டாயிரம் கலோரி, எண்பது கிராம் புரதம், முட்டை, பால், பருப்பு. சமையலறையும் தவறாமல் அனுப்பியது. பரிமாறுகிறவர்கள் தவறாமல் கால்மாட்டு மேசையில் வைத்தார்கள். ஒரு மணி நேரம் முட்டையும் டிரைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு தட்டக்கா வந்து தூக்கிப் போவார். டிக். தையல் ஆலையில் வேலை முடிந்து மனைவி மாலையில் வந்து ஊட்டுவதுதான் அந்த மனிதர் வயிற்றில் விழுந்த ஒரே சாப்பாடு.

ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டர் தாளைப் புரட்டினார். "மூணு வேளையும் நல்லா சாப்பிட்டும் புண்ணு ஆறல. உடம்பு ஒத்துழைக்கல. வியாழக்கிழமையும் இப்படியே இருந்தா வீட்டுக்கு அனுப்பிடுங்க."

தட்டக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரு சாப்பிட்டா? இந்தக் கட்டிலா?" என்று முணுமுணுத்தார். அடுத்த நொடி தன் கையையே பார்த்தார். இருபது நாளாக நிறைந்த தட்டைத் தூக்கிப் போனது அந்தக் கைதான். அதன் மேல்தான் கோபம் அதிகம்.

புதன்கிழமை தட்டக்கா ஏழாம் படுக்கைத் தட்டுகளை மட்டும் எடுக்காமல் அப்படியே விட்டுவைத்தார். தன் டிபன் டப்பாவைத் திறந்து டிரைவருக்கு ஊட்டினார். சமையலறை மேற்பார்வையாளர் மூச்சிரைக்க வந்தார்.

"ஏழாம் நம்பர் தட்டு மூணும் எங்கக்கா?"

"அவரு இன்னும் சாப்பிடலையேப்பா. சாப்பிட்டதும் வரும்."

"காலைல வச்சத இன்னுமா சாப்பிடல?"

"இருபது நாளா சாப்பிடல, ராசா. நீதான் டிக் போட்ட."

வியாழக்கிழமை பெரிய டாக்டர் வந்தபோது, கால்மாட்டில் மூன்று தட்டுகள் அணிவகுத்து நின்றன. பால் திரிந்து நாறியது. டாக்டர் மூக்கைப் பொத்தினார்.

"என்ன கண்றாவி இது?"

"உங்க தாள்ல இவரு நல்லா சாப்பிட்ட சாப்பாடு, டாக்டர்."

அன்றே மேசை தலைமாட்டுக்கு வந்தது. ஆறடி தூரம்தான். வீட்டுக்கு அனுப்பும் பேச்சு நின்றது. மூன்று வேளையும் ஊட்ட ஆள் வேண்டும் என்றதும், 'தட்டக்காவே ஊட்டட்டும்' என்று உத்தரவானது. கூடவே ஒரு மெமோவும் வந்தது: மூன்று தட்டுகளை உரிய நேரத்தில் திருப்பாததற்கு விளக்கம் தருக.

"விளக்கத்த நான் சொல்றேன், எழுதிக்கக்கா" என்றார் டிரைவர்.

"அதெல்லாம் அப்புறம். நீ மொதல்ல வாயத் தொற."