வேம்புக்குக் கட்டிய மஞ்சள் துணி

கோவிந்தசாமி பூங்காவுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்ப்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் சூரிய நமஸ்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் பார்ப்பது கம்பியை. சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகிற சாலையில் இருக்கும் பொன்னந்தி நகரில் மின்கம்பி எந்த வழியாகப் போகிறது என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். இருந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறிவிட்டதோ என்று சந்தேகப்படுகிறவர் போல ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவார்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பியைத் தொடுகிற கிளைகளை வெட்டியே பாதி ஆயுள் போயிற்று. பண்ருட்டியில் இருந்தபோது பலாமரத்தில் கை வைத்தால் வீட்டுப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்களாம். "பிஞ்சோட வெட்டுறியே, நீ நல்லா இருப்பியாம்பாங்க. நல்லாத்தான் இருக்கேன். அந்தச் சத்தம் மட்டும் காதுல நிக்குது" என்பார். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் மரம் வைக்கிறீர்களா என்று கேட்டால் சிரித்துவிடுவார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல. வூட்டுல இருந்தா தங்கம்மா வேலை வைக்கிறா." தங்கம்மாள் அவர் மனைவி. அவர் சொல்வதில் பாதி உண்மை.

மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று விட்ட இடம் அது. ஒரு சறுக்குமரம், பலகை போன ஊஞ்சல், ஒரு நடைபாதை, இவ்வளவும் உண்டு. நிழல் மட்டும் கிடையாது. வெயில் தாழ்கிற வரைக்கும் பிள்ளைகள் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கோவிந்தசாமி கம்பி போகாத இடமாகத் தேடிப் புங்கனும் நாவலும் வைத்தார். நடுவில் ஒரு வேம்பு. புங்கனைக் கார் நிறுத்த வந்தவர் சாய்த்தார். நாவலை ஆடு முடித்தது. வேம்பு மட்டும் ஆள் உயரத்துக்கு வந்தது. வந்ததும் பல் துலக்கக் குச்சி ஒடிக்க அந்த நகரே திரண்டுவிட்டது. சொல்லிப் பார்த்தார். "ஒரே ஒரு குச்சிதானே மாமா" என்றார்கள். ஆளுக்கொரு குச்சி என்றால் மரத்துக்கு என்ன மிஞ்சும்?

ஓர் ஆடி வெள்ளியன்று விடியலில் அவர் போய் அடிமரத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு மஞ்சள் துணியைக் கட்டினார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போல வீட்டுக்கு வந்து காபி குடித்தார். மறுநாளிலிருந்து ஓர் இலை குறையவில்லை. ஆட்டுக்காரர்கள் தாமாகவே ஆட்டை இழுத்துப் பிடித்தார்கள். வண்டிகள் தள்ளி நின்றன. கோவிந்தசாமிக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. அதே நகரில் பூக்கட்டி விற்கிற தில்லையம்மாள், விற்று மிஞ்சிய சரத்தை மரத்துக்குச் சாத்த ஆரம்பித்தார். பிறகு அகல் விளக்கு ஏற்றினார். பிறகு யாரோ சூலம் நட்டார்கள். வருடங்கள் போக, ஆடியில் கூழே ஊற்றினார்கள். கோவிந்தசாமியும் வரிசையில் நின்று இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார். துணியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் வேம்பு நன்றாக விரிந்து, பிள்ளைகள் மத்தியான வெயிலிலும் அதன் கீழே விளையாட வந்தார்கள். மரம் பிழைத்ததே, யார் என்ன கும்பிட்டால் என்ன என்று இருந்துவிட்டார்.

இந்த வருடம் நகர்ச் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீதர் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார். மரத்தைச் சுற்றி சிமெண்ட் மேடை, மேலே தகரக் கூரை, முன்னால் ஒரு மண்டபம். வருகிற ஞாயிறு பூமி பூஜை. அவர் போட்டிருந்த படத்தில், பூங்கா என்று மிச்சமிருந்தது நடைபாதை மட்டும்தான். குழுவில் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. ஸ்ரீதரும் கெட்டவர் இல்லை. "நம்ம நகருக்குன்னு ஒரு கோயில் இல்லியே மாமா. பொம்பளைங்க எல்லாத்துக்கும் டவுனுக்கு ஓட வேண்டியிருக்கு" என்றார். அதுவும் நியாயம்தான்.

கோவிந்தசாமி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தார். அடிமரத்தை சிமெண்ட்டால் இறுக்கினால் வேர் மூச்சு விடாது. பிள்ளைகளுக்கு ஓட இடம் இருக்காது. கூரை போடக் கிளையை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு, அனுபவம் உள்ளவராயிற்றே என்று அவரையே கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள்.

"துணி கட்டுனது நாந்தான்னு சொல்லிடப் போறேன்" என்றார் மனைவியிடம்.

தங்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "சொல்லுங்க. அப்புறம் இந்தத் தெருவுல ஒருத்தி என் மூஞ்சில முழிப்பாளா? இத்தினி நாளு கூழு குடிச்சிட்டு இப்பதான் வாய் வருதா?"

ஞாயிறு காலையில் செங்கல் வந்து இறங்கிவிட்டது. பூசாரி வரக் காத்திருந்தவர்கள் முன்னால் போய் கோவிந்தசாமி நின்றார்.

"அந்தத் துணிய நாந்தான் கட்டுனேன். குச்சி ஒடிக்காம இருக்கணும்னு கட்டுனேன், வேற ஒண்ணுமில்ல. என்னை மன்னிச்சிருங்க."

ஸ்ரீதரின் முகம் சுருங்கியது. தங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தில்லையம்மாள்தான் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீதாண்ணே கட்டுனே, இல்லேங்கல. ஒன்னைக் கட்டச் சொன்னது யாரு?"

கூட்டத்தில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோவிந்தசாமி திருதிருவென்று விழித்தார். உண்மையைச் சொன்னால் காரியம் முடிந்துவிடும் என்று நம்பி வந்தவருக்கு அழுகையே வந்துவிட்டது. மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"சரிம்மா," என்றார் மெதுவாக. "ஆத்தாதான் சொன்னான்னே வச்சிக்குவோம். துணி கேட்டா, கட்டுனேன். கூரை கேட்டாளா?"

தில்லையம்மாள் யோசித்தார். நாள் தவறாமல் விளக்கேற்றுகிறவர் அவர். அம்மனுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல அந்த நகரில் வேறு யாருக்கும் வாய் கிடையாது.

"எங்கிட்ட கேக்கல," என்றார் கடைசியில். "வெயிலும் மழையும் வாங்கிக்கிட்டு வளந்தவ. சேத்தியாத்தோப்புப் பக்கம் எங்கூரு எல்லையம்மாவும் இப்பிடித்தான், கூரை போட்டா ஒத்துக்க மாட்டா. தகரத்தை அடிச்சி மூடுனா இவளுக்கு மூச்சு முட்டாதா? வேணாம் ஸ்ரீதரு. இருக்கட்டும் இப்பிடியே. புள்ளைங்களும் அவகூடவே ஆடட்டும்."

ஸ்ரீதருக்கு வருத்தம்தான். ஆனால் தில்லையம்மாளே வேண்டாம் என்ற பிறகு எவர் துணிந்து கடப்பாரையைப் போடுவார்? இறக்கிய செங்கலை என்ன செய்வது என்று கேட்டபோது, சுற்றுச்சுவர் இடிந்த பக்கத்தை அடைக்கலாமே என்றார் தங்கம்மாள். சாயங்காலமே கொத்தனார் வந்துவிட்டார். இப்போது ஆடு உள்ளே வர வழியில்லை. கோவிந்தசாமி மறுபடியும் புங்கனும் நாவலும் வைத்தார். அவை துளிர்விட்டும் விட்டன. "இதுக்கெல்லாம் துணி இல்லியா மாமா?" என்று சீண்டிக்கொண்டே ஸ்ரீதரும் ஆளுக்குப் பாதியாகத் தண்ணீர் தூக்குகிறார். "ஒண்ணுக்குக் கட்டிட்டுப் பட்டது போதாதாய்யா" என்று கோவிந்தசாமி கையெடுத்துக் கும்பிடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரம். தில்லையம்மாள் ஏற்றிவிட்டுப் போன அகல் அடிமரத்தை ஒட்டி எரிந்துகொண்டிருந்தது. "பட்டை கருகிப்போவும், சொன்னா கேக்குறாங்களா" என்று முணுமுணுத்தபடி கோவிந்தசாமி குந்தி உட்கார்ந்து, அகலை ஒரு முழம் தள்ளி வைத்தார். எழுந்திருக்கப் போனவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். சுடருக்கு மேல் இரண்டு கைகளையும் காட்டிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.