பத்து கிலோ இறங்க மலை ஏறினேன்

"சேர்லாமா, வேணாமாக்கா? நீங்க சொன்னா சரி."

போன வாரம் பக்கத்து வீட்டு விமலா ஒரு பச்சை நோட்டீஸை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஜவ்வாது மலையில் பெண்களுக்கான நாற்பத்தெட்டு நாள் முகாம். உடல், உள்ளம், உணவு, உறக்கம் – நான்கையும் ஒருசேரச் சீர்படுத்தி, எடையையும் குறைத்து அனுப்புவார்களாம்.

"நீங்க அங்க போய்ட்டு வந்துதான இப்டி எளைச்சீங்க?"

போனேன், இளைத்தேன். இரண்டும் உண்மைதான். நடுவில் நடந்ததை விமலாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உங்களிடம் எனக்கென்ன வெட்கம்?

இரண்டாவது மகன் பிறந்தபோது போட்ட வயிற்றுத் தையல் எனக்கு ரொம்ப நாளாகத் தொந்தரவு. அந்த இடம் பலவீனமாகி, இருமினால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் குடல் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. ஹெர்னியா. டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். பிறகு எடை மெஷினில் ஏறச் சொன்னார். முள் ஓடிய தூரத்தைப் பார்த்து அவருக்கே மூச்சு வாங்கியது.

"பத்து கிலோ எறங்கிட்டு வாங்க டீச்சர். இப்ப தெச்சா தையல் நிக்காது. ரொம்ப தள்ளவும் கூடாது… குடல் மாட்டிக்கிச்சுன்னா ஆபத்து."

பயந்துவிட்டேன். இருமல் வந்தால் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமுவேன். வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அழுகை வரும்.

அந்தப் பயத்தில்தான் முகாமுக்கு எழுதிப் போட்டேன். முதல் மூன்று நாள் வெள்ளோட்டம். பிடித்திருந்தால் மீதிக்குக் கையெழுத்துப் போட வேண்டும். கோடை விடுமுறை மொத்தமும் போய்விடும். போனால் போகட்டும் என்று போளூரில் பஸ் ஏறினேன்.

முகாமை நடத்தியவர் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். நல்ல மனிதர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. விடிந்ததும் வெண்பூசணிச் சாறு. பிறகு வயிற்றில் ஈரமண் பட்டி – ஹெர்னியாவை முன்னிட்டு எனக்கு மட்டும் நெற்றியில்! மத்தியானம் ஒரு கைப்பிடி முளைகட்டின பயறு. அதன்பின் 'மனக்குப்பை எரித்தல்'. உள்ளே அழுத்துகிற கவலையைத் தாளில் எழுதி நெருப்பில் போட வேண்டும். நான் 'பசி' என்று எழுதிப் போட்டேன். எரிந்தது தாள்தான்.

நான்கு மணிக்கு மௌன நடை. முகாமுக்கு வந்திருந்த ஒன்பது பெண்களுக்கும் ஆளுக்கொரு பாதை. இரண்டு மணி நேரம் வாய் திறக்கக் கூடாது. என் பாதை ஒரு சின்ன ஊர் வழியாகப் போனது. அங்கே ஒருத்தி வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். பெயர் காசியம்மா, என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும்.

"எந்த ஊருக்கா?"

சிரித்தேன்.

"தனியாவா வந்தே?"

தலையாட்டினேன்.

"வூட்ல சண்டையா?"

அவசரமாகக் கையை ஆட்டினேன். அவள் முகம் இன்னும் வாடிப்போனது. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

அந்த ஊர் வழக்கம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. வெறுங்கையோடு, பேசாமல் ஒரு பெண் வந்தால் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவள் என்று அர்த்தமாம். காரணம் கேட்டுக் குடையக் கூடாது. முதலில் சோறு. வயிறு நிறைந்தால் அவளே சொல்வாள்.

"குந்துக்கா."

குந்தினேன். சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, ஆவி பறக்கிறது. வேண்டாம் என்று சொல்லலாம் என்றால் மௌன விரதம்! விரதத்தை முறிக்கலாமா? சாப்பிட மட்டும் வாயைத் திறந்தேன். மௌனம் சம்மதம் என்று சும்மாவா சொன்னார்கள்?

மறுநாள் எனக்கு முன்பே தட்டு தயாராக இருந்தது. நான் ஒருத்திதான் திருடி என்று நினைத்துக் குற்ற உணர்ச்சியோடு திரும்பினால்… எங்கள் முகாமிலிருந்த ஆலங்காயத்து அம்மாள் ஒருவர் எதிர்ப்பாதையில் ஏப்பம் விட்டுக்கொண்டு வருகிறார். ஒன்பது பாதையிலும் ஒன்பது வீடு! எப்படி ஒரே நேரத்தில் ஒன்பது பெண்கள் கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள் என்று அந்த மலையே கவலையில் இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் காலை எடை பார்த்தார்கள். அரைக் கிலோ கூடியிருந்தேன்.

மாஸ்டர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். "மனக்குப்பை சரியா எரியல டீச்சர். நாப்பத்தெட்டு நாள் இருந்தா எரிஞ்சிடும். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார்.

அன்று காசியம்மாவிடம் மௌனத்தைக் கலைத்துவிட்டேன். "சண்டையெல்லாம் இல்லம்மா. எளைக்க வந்தேன்" என்று, டாக்டரம்மா சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். குடல் விஷயத்தைக் கேட்டதும் நிறுத்தினாள். "அப்டி இன்னாதான்கா துன்னுவே நீ?"

"காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் கொஞ்சம் சோறு. ராத்திரி ரெண்டு தோசை."

"அவ்ளோதானா?"

"அவ்வளவேதான். அப்புறம்… பசங்க தட்டுல வெச்ச மிச்சம். அவர் விட்ட தயிர் சாதம். குழம்புச் சட்டியில ஒட்டியிருக்கறது. வீணாப் போகக் கூடாதில்ல?"

காசியம்மா புளி தட்டுவதை நிறுத்திவிட்டு, வாசலில் படுத்திருந்த நாயையும் மேய்ந்துகொண்டிருந்த கோழிகளையும் காட்டினாள்.

"எங்க வூட்ல மிச்சத்தயெல்லாம் இதுங்கதான் துன்னும். ஒங்க வூட்ல நாய் இல்லியாக்கா?"

கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே விசாரித்தாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. பள்ளிக்கூடத்தில் 'எச்சில் பண்டம் வாங்கித் தின்னாதே' என்று பிள்ளைகளை அதட்டுகிறவள் நான். வீட்டில் மூன்று பேர் எச்சிலையும் வழித்துப் போட்டுக்கொண்டு, அதைச் சிக்கனம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நம் வீடுகளில் முக்கால்வாசிப் பெண்களின் சதை அவரவர் பசிக்குத் தின்றதில் வந்ததில்லை… அடுத்தவர் தட்டிலிருந்து வந்தது. இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்!

மாஸ்டரிடம் படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். "ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாஸ்டர், நாங்க யாரும் கோவிச்சுக்கிட்டு வரலேன்னு" என்றேன். ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு புரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், பாவம்.

விமலாவுக்கு என்ன சொல்வது? முகாம் மோசமில்லை. பூசணிச் சாறு குடித்து யாரும் கெட்டுப்போனதில்லை. ஆனால் மலை ஏறுமுன் ஒரு வாரம், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உன் கை எங்கெங்கே போகிறது என்று பார் என்பேன்.

என் கை நின்றுவிட்டது. 'அவரவர் தட்டு அவரவர் பாடு' என்று வீட்டில் சட்டம் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறேன். ஐந்து மாதமாகிவிட்டது. முந்தாநாள் டாக்டரம்மாவின் மெஷினில் சரியாகப் பத்து கிலோ இறங்கியிருந்தேன். "இப்ப தையல் நிக்கும் டீச்சர்" என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். அங்கேயே அழுதுவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குத்தான் இப்போதெல்லாம் சட்டைப் பொத்தான் எட்டுவதில்லை – மிச்சத்தைக் கொட்ட அவருக்கு மனசு வரவில்லையாம்!