முகம் உப்பி வந்த ஷமீமா

ஷமீமாவை வார்டுக்குள் தூக்கி வந்தபோது அவள் அம்மாவின் முகத்தில் நிம்மதி இருந்தது. எழுபதுகளின் கடைசி. வேலூரில் குழந்தைகள் வார்டில் நான் ஸ்டாஃப் நர்ஸ். அவர்கள் ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். குழந்தைக்கு நாலு வயது. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், தோல் ஊறவைக்கும் தொட்டியில் இறங்கி வேலை செய்பவர்.

"ரத்தபேதி நின்னுடுச்சு சிஸ்டர். வாந்திதான் கொஞ்சம் இருக்குது. மூஞ்சியப் பாருங்க, சதைகூட போட்டிருக்கா" என்றாள் அம்மா.

அது சதை இல்லை. கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. உதடு வெளுத்திருந்தது.

"ஒண்ணுக்கு எப்போ போனா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். "பேதியோட பேதியா போயிருக்கும்னு நெனச்சேன். அத யாருமே கேக்கலியே."

உண்மைதான். ஊரில் இரண்டு இடங்களில் காட்டியிருந்தார்கள். பேதி எத்தனை தடவை, வாந்தி உண்டா என்று மட்டும் விசாரித்திருக்கிறார்கள். சோர்வாக இருக்கிறாளே என்று இரண்டாவது இடத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெளியே போக வழியில்லாத உடம்பில் அந்தத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது.

ரத்தபேதிக்குப் பின் ரத்த அணுக்கள் சிதைந்து, சிறுநீரகம் நின்றுபோயிருந்தது. ரத்தத்தில் யூரியா, பொட்டாசியம் இரண்டுமே ஏறியிருந்தன. டாக்டரம்மா அன்றே வயிற்றில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கினார். எங்கள் வார்டில் அப்போது மெஷின் இல்லை. பாட்டிலில் உள்ள மருந்து நீரை வயிற்றுக்குள் விட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி, வடித்து அளப்போம். நர்சுகள் மாற்றி மாற்றி பக்கத்திலேயே இருந்தோம். வீக்கம் வடிந்தது. சிறுநீர் பிடிக்கக் கட்டிலில் மாட்டிய பை மட்டும் காலியாகவே தொங்கியது.

கொஞ்சம் தெளிந்ததும் தண்ணீர் கேட்க ஆரம்பித்தாள். "அம்மி, பானி." எனக்கு உருது வராது. அந்த ஒரு சொல் புரிந்தது. நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைப்பேன். பஞ்சையே கடித்து உறிஞ்சப் பார்ப்பாள்.

"நாள் பூரா தண்ணிலதான் நிக்கிறேன் சிஸ்டர். எம் புள்ளைக்கு ஒரு வாய் குடுக்கக் கூடாதுன்றீங்களே" என்றார் அப்பா.

குடிப்பது வெளியே போகாது, உடம்பிலேயே தங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். பஞ்சை மறுபடி நனைத்து அவள் உதட்டில் வைத்தேன்.

பிறகு வலிப்பு வந்தது. மருந்து கொடுத்து நிறுத்தினோம். மறுபடி வந்தது. வார்டில் மதியச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஷமீமா போய்விட்டாள்.

குழாயை எடுத்து, கட்டுப் போட்டு, முகம் துடைத்துக் கொடுத்தேன். அம்மா என் கையை விடவில்லை. "மொதல்லயே கேட்டிருந்தா பொழச்சிருப்பாளா?"

"தெரியலம்மா" என்றேன். இன்றும் தெரியாது. இதே நோயோடு சீக்கிரம் வந்த பிள்ளைகளும் எங்கள் கையில் இறந்திருக்கிறார்கள். எண்பதுகளிலும் வந்துகொண்டேதான் இருந்தார்கள், பேதி நின்ற சந்தோஷத்தோடு.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பேதியைப் பற்றிக் கேட்கும்போதே, கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனது என்றும் கேளுங்கள். முகம் உப்பி, உதடு வெளுத்திருந்தால் ட்ரிப் போடுவதற்கு முன்பே டாக்டரைக் கூப்பிடுங்கள். எல்லாரும் பிழைத்துவிடுவார்கள் என்று சொல்லமாட்டேன். கேட்பது நம் கையில் இருக்கிறது. மற்றது பல சமயம் இல்லை.